மலைக்கொறில்லாவைத் தேடிச் சென்றவர்

ஆபிரிக்காக் கண்டத்தின் நடுவண், கொங்கோ, ருவாண்டா, உகண்டா என்னும் மூன்று நாடுகளும் கூடும் எல்லையிலே எட்டு எரிமலைகள் தொடராக நிற்கின்றன. விருங்கா மலைகள் என்பது அவற்றின் பெயர். மூங்கிற் காடும் பாசி படர்ந்த முதுமரங்களும் மூடிய அச்சாரல்களிலே மலைக்கொறில்லா என்னும் பெருங்குரங்கு வாழ்கின்றது. 1902ஆம் ஆண்டிலே பெரிங்கே என்னும் ஜேர்மன் படைத்தலைவன் சபீனியோ மலையில் இரண்டினைச் சுட்டு வீழ்த்திய பின்னரே இத்தகைய ஓரினம் உண்டென மேனாட்டறிஞர் அறிந்தனர். அதன்பின் அதனைக் காணச் சென்றோருட் பலர் துவக்கோடு சென்றனர். கார்ல் ஏக்லியும் அவ்வாறே சென்றார்.

ஏக்லி 1864ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்திலே ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். பள்ளியிற் பயின்றது மூன்றாண்டு அளவினதே. ஆசிரியத் தொழில் செய்யும் எம்போலியர்க்கு இச்செய்தி அத்துணை இனியதன்று. எனினும் உண்மையை மறைத்தல் தகாது. இறந்த பறவைகளின் தோலை உரித்துப் பாடஞ் செய்து உயிருள்ளன போல நிறுத்துங் கலையிலே இளமை தொட்டு அவருக்குப் பெருவேட்கை இருந்தது. பத்தொன்பதாம் வயதிலே உறொச்செஸ்ரர் நகரத்து நிலையமொன்றில் அத்தொழிலிற் சேர்ந்தார். 1885இல் புகைரதம் மோதி இறந்த ஜம்போ என்னும் புகழ்பெற்ற யானையைப் பாடஞ் செய்தவருள் அவரும் ஒருவர். அக்காலத்தில் விலங்கின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பதே வழக்கம். ஏக்லியோ, விலங்கின் எலும்பையும் தசையையும் நுணுகி ஆராய்ந்து, களிமண்ணால் உடல் சமைத்து, அதனின்று வார்த்தெடுத்த மென்கூட்டின்மேல் தோலைப் போர்த்தினார். சிற்பியின் கண் அவருக்கு வாய்த்திருந்தது. மில்வோக்கி, சிக்காக்கோ, நியூ யோர்க் நகரங்களின் நூதனசாலைகள் அவர் கைவண்ணத்தாற் பொலிவு பெற்றன.

அவர் வீரச்செயல்கள் பலவாகப் பேசப்படும். 1896இல் சோமாலிநாட்டிலே தம்மேற் பாய்ந்த சிறுத்தையை, கையை அதன் தொண்டைக்குட் செலுத்தி, மார்பின்மேல் முழங்காலை ஊன்றி, படையின்றியே கொன்றார். 1910இல் கென்யா மலையிலே யானையொன்று அவரை நிலத்தோடு அழுத்தி நசுக்க, உடன்சென்றோர் இறந்தாரென்றே கருதினர். மனைவியார் டீலியா காடு கடந்து வந்து காத்தமையால் உயிர் பிழைத்தார். நோயுற்றுக் கிடந்த அந்நாட்களிலேதான் நியூ யோர்க் நூதனசாலையில் ஆபிரிக்க விலங்குகளுக்கெனப் பெருமண்டபம் ஒன்று எழுப்பவேண்டும் என்னும் எண்ணம் அவருள் உருப்பெற்றது. அம்மண்டபத்திற்குக் கொறில்லா வேண்டியிருந்தது.

உலகப்போர் இடையிட்டமையால் ஆண்டு பல கழிந்தன. 1921இல் பயணம் கூடிற்று. அப்பயணத்தை ஏக்லி வகுத்த முறை கவனிக்கத்தக்கது. கொறில்லா மனிதரைக் கண்டாற் பாய்ந்து கொல்லும் கொடுவிலங்கு என்று அக்கால நூல்கள் பல அச்சுறுத்தின. ஏக்லி அதனை நம்பினாரல்லர். நண்பர் பிராட்லியையும் அவர் மனைவியையும் ஆறாம் வயதை எட்டிய அவர்தம் மகள் அலிசையும் உடனழைத்துச் சென்றார். பெண்டிரும் குழந்தையும் சென்று மீளக்கூடிய இடமாயின், கொறில்லா வேட்டையை வீரமென்று பேசுவார் வாய் அடங்கும் என்பது அவர் கருத்து. தாமே ஆக்கிய சலனப்படக் கருவியையும் எடுத்துக்கொண்டார். ஓடும் விலங்கைத் தொடர்ந்து திருப்பத்தக்கதாக அமைந்த கருவி அது.

மிக்கேனோ மலைச்சாரலிலே அவர் கொறில்லாவைக் கண்டார், சுட்டார். வீழ்ந்த விலங்கின் முகத்தைப் பார்த்தபோது அவர் உள்ளம் கலங்கிற்று. அம்முகம் அன்புமிக்க ஒருவரின் முகம் போன்றதென அவருக்குத் தோன்றியது. ஒருநாள் வழிகாட்டிகள் ஈட்டியாற் குத்திய இளங்கொறில்லா ஒன்று, ஆறுதல் தேடும் குழந்தைபோல அவரை நோக்கிற்று. கொலையாளி தாமே என்னும் உணர்வு அவரை வருத்தியதைத் தம் நூலிலே மறையாது எழுதினார். அக்குழுவினர் ஐந்து கொறில்லாக்களைக் கொண்டனர். அதற்குமேல் வேண்டாமென நிறுத்திய ஏக்லி, கருவியைத் திருப்பி, காட்டிலே உலாவும் கொறில்லாக்களைப் படம் பிடித்தார். காட்டுக் கொறில்லா சலனப்படத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

ஐந்தைக் கொன்றவர் பின்னர் அருள் பேசுவது எளிதன்றோ எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின் ஏக்லி பேச்சோடு நின்றாரல்லர். அம்மலைகள் அந்நாளிற் பெல்ஜிய ஆட்சிக்குட்பட்டன. பெல்ஜிய மன்னர் அல்பேட்டுக்கு, தூதுவர் வழியாக, இடையறாது விண்ணப்பித்தார். மன்னர் 1919இல் அமெரிக்கா சென்று அங்குள்ள தேசிய வனங்களைக் கண்டிருந்தமையால் விண்ணப்பம் செவிக்கேறிற்று. 1925 ஏப்பிரில் மாதத்திலே அல்பேட் தேசிய வனம் நிறுவப்பட்டது. ஆபிரிக்காவின் முதலாவது தேசிய வனம் அதுவே. இன்று அதன் பெயர் விருங்கா.

1926இல் ஏக்லி மீண்டும் அம்மலைக்குப் புறப்பட்டார். இரண்டாம் மனைவியார் மேரி ஜோப், ஓவியர் லீ, பெல்ஜிய விலங்கியலறிஞர் டெர்ஷைட் ஆகியோர் உடன்சென்றனர். வழியிலேயே காய்ச்சல் அவரை நலித்தது. நோயோடும் மலையேறினார். மிக்கேனோவுக்கும் கரிசிம்பிக்கும் இடையே, 10,000 அடிக்கு மேற்பட்ட கபாரா என்னும் வெளியிலே, நவம்பர் மாதத்தில் உயிர் நீத்தார். முதன்முறை கொறில்லாவைக் கண்ட மலையிலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. மேரி அம்மையார் ஊர் திரும்பவில்லை. மழையிலும் குளிரிலும் அங்கேயே தங்கி, கணவர் விட்ட பணியை முடித்த பின்னரே மலை இறங்கினார். இவ்வம்மையாரின் உறுதி ஏக்லியின் சிறுத்தைக் கதையிலும் பெரிதெனவே எமக்குத் தோன்றுகின்றது.

பிற்காலத்தில் அதே கபாராவிலே தங்கியே ஜோர்ஜ் ஷாலர் 1959இலும் டயன் பொசி 1967இலும் துவக்கின்றி இருந்து கொறில்லாக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தனர். இன்று அவ்வினம் ஆயிரத்துக்கு மேற்பட்டுளது. காணச் செல்வோர் முன்னரே அநுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். எண்மர் கொண்ட குழுவாக, ஒரு மணிநேரமே கொறில்லாக்களின் அருகில் நிற்கலாம்.

ஏக்லி கனவு கண்ட மண்டபம் 1936இலே திறக்கப்பட்டது. அங்கே கரிசிம்பி மலையின் ஆண் கொறில்லா மார்பிலே அறைந்தபடி நிற்கின்றது. அதன் பின்னே தீட்டப்பட்டிருப்பது, ஏக்லி துயிலும் அம்மலைச்சாரலிலிருந்து ஓவியர் லீ கண்ட காட்சி.