போலி வைட்டமினால் புற்றுநோயை ஏமாற்றியவர்: யார் இந்த சுப்பாராவ்?

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை, மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கிய அம்மா, சொரியாசிஸ் உள்ள நண்பர். மூன்று பேருக்கும் டாக்டர் ஒரே மருந்தை எழுதித் தரலாம். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட்.

இந்த மருந்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் நம்ம சென்னையில் படித்தவர். ஆனா இங்கே அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம்கூட கிடைக்கவில்லை. அவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காசிக்கு ஓடிய பையன்

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ம் தேதி பிறந்தார் சுப்பாராவ். வீட்டில் வறுமை. யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று 13 வயதில் காசிக்கு ஓடப் பார்த்தார். அம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளியில் சேர்த்தார்.

படிப்பும் லேசில் வரவில்லை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் பாஸ் ஆனார். மாநிலக் கல்லூரி முடித்ததும் துறவியாகும் ஆசை வந்தது. அதை விட்டுவிட்டு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் பணம் கொடுத்து உதவினார்.

காந்தியின் அழைப்பை ஏற்று கல்லூரிக்கு கதர் உடுத்திப் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டம்தான் கைக்கு வந்தது. இதற்கிடையில் ஸ்புரூ என்ற குடல் நோயில் அண்ணன் தம்பி இருவரை இழந்தார். அதே நோய் அவரையும் படுக்கப் போட்டது. பிழைத்து எழுந்தவர், ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா கிளம்பினார்.

ராத்திரி ஆஸ்பத்திரி வேலை, பகலில் ஹார்வர்டு

பாஸ்டனில் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். உடலின் எரிபொருள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த ஏ.டி.பி. ஞாபகம் இருக்கா? 1929-ல் அதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததில் இந்த இருவருக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாகாணத்தில் உள்ள லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மருந்து அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகங்களில் உருவானதுதான். ரத்தசோகைக்கான ஃபோலிக் அமிலத்தையும் 1945-ல் அந்த ஆய்வகத்தினர் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள்.

ஊட்டினால் வளரும் என்றால், பட்டினி போட்டால்?

ஃபோலிக் அமிலம் ஒரு வைட்டமின். புதிய டி.என்.ஏ. உருவாக, அதாவது செல்கள் பெருக, அது கட்டாயம் வேண்டும்.

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பார்த்துவந்த டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்த வகை வைட்டமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகம் எடுத்ததாக அவருக்குத் தோன்றியது. அப்படியென்றால் வைட்டமினைத் தடுத்தால் நோய் அடங்குமா? சுப்பாராவின் குழுவிடம் அதற்கு மருந்து இருந்தது: அமினோப்டெரின்.

பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போல, செல்லுக்குள் நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ. தயாரிப்பு நின்றுவிடும். இப்படி ஏமாற்றி வேலை செய்யும் மருந்துகளுக்குத்தான் ஆன்டிமெட்டபாலைட் என்று பெயர்.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அது தற்காலிகம்தான், நோய் திரும்பி வந்தது. ஆனாலும் அதுவரை மருந்தே இல்லாத நோய் அது. அமினோப்டெரினின் இடத்தை அதே ஆய்வகத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் பிடித்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் வந்தது. இன்று வசதியான நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

சரி, இதற்கு என்ன விலை?

பணக்கணக்கில் இது மலிவான மருந்து. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது. உடம்பு கொடுக்கும் விலைதான் பெரிது.

போலிச் சாவிக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற வித்தியாசம் தெரியாது. வேகமாகப் பெருகும் எதையும் அது தாக்கும். அதனால்தான் வாய்ப்புண், முடி உதிர்தல், ரத்த அணுக்கள் குறைவது எல்லாம். கல்லீரலும் பாதிக்கப்படலாம். கருவில் உள்ள குழந்தைக்கு ஆபத்து என்பதால் கர்ப்பிணிகள் மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ இதை எடுக்கவே கூடாது. குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மூட்டுவாதம், சொரியாசிஸுக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தவறுதலாக தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வீட்டில் யாராவது எடுத்தால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்க. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க.

பக்கவிளைவைக் குறைக்க, டாக்டர்கள் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். சுப்பாராவின் ஆய்வகம் தயாரித்துக் காட்டிய அதே வைட்டமின்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வாங்கும் மாத்திரையிலும் அதுவே இருக்கிறது.

திரும்பாத பயணம்

ஃபார்பரின் முடிவுகள் வெளியாகி இரண்டே மாதம். 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார் சுப்பாராவ். அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே இல்லை. ஆனால் ஊருக்கும் திரும்பவில்லை. மனைவி சேஷகிரியை மறுபடி பார்க்கவில்லை. அவர் கிளம்பிய பிறகு பிறந்த மகன், அப்பாவின் முகம் பார்க்காமலே ஒரு வயதுக்குள் இறந்துபோனான்.

1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மருந்து அட்டையில் அவர் பெயர் இருக்காது. அடுத்த முறை மெத்தோட்ரெக்சேட்டையோ ஃபோலிக் அமிலத்தையோ கையில் எடுக்கும்போது, திருவல்லிக்கேணியில் மூன்று தடவை பரீட்சை எழுதிய அந்தப் பையன் நினைவுக்கு வரட்டும்.