மிக்கி மவுஸும் வால்ட் டிஸ்னியும்

பென்சிலை எடுத்து ஒரு பெரிய வட்டம் போடுங்கள். அதுதான் தலை. அதன்மேல் இடமும் வலமும் இரண்டு சின்ன வட்டங்கள், அவை காதுகள். தலைக்குள் மேலிருந்து கீழாக ஒரு கோடும், குறுக்கே ஒரு கோடும் லேசாக இழுத்து, அவை சந்திக்கும் இடத்தையொட்டி மூக்கை வையுங்கள். உடம்புக்குப் பேரிக்காய் உருவம். கை கால்கள் ரப்பர் குழாய்போல். காலுக்குப் பெரிய பூட்ஸ். கையுறைக்குள் கட்டை விரலோடு சேர்த்து நான்கே விரல்கள். வேண்டாத கோடுகளை அழித்தால் மிக்கி மவுஸ் தயார்!

குழந்தைகளும் வரையக்கூடிய இந்த எலிக்குப் பின்னால் பெரிய நஷ்டத்தின் கதை ஒன்று உண்டு.

வால்ட் டிஸ்னி 1901 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். சிறுவயதில் கான்சாஸ் நகரில் விடியுமுன் எழுந்து, பனியிலும் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். 1917 கோடையில் ஓடும் ரயிலில் பத்திரிகையும் தின்பண்டமும் விற்றார். அன்று பிடித்த ரயில் மோகம் கடைசிவரை அவரை விடவில்லை.

1919-இல் கான்சாஸ் நகர விளம்பர ஓவிய நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது அப் ஐவெர்க்ஸ் என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. டிஸ்னி சொந்தமாகத் தொடங்கிய கம்பெனி 1923-இல் திவாலாயிற்று. ஏறக்குறைய 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய கம்பெனி தொடங்கினார். ஐவெர்க்ஸும் வந்து சேர்ந்தார்.

1927-இல் அவர்கள் உருவாக்கிய ஆஸ்வால்ட் என்ற முயல் நன்றாக ஓடியது. அடுத்த ஆண்டு கூடுதல் பணம் கேட்க மனைவி லில்லியனுடன் நியூயார்க் போனார். விநியோகஸ்தரோ தொகையைக் குறைத்தார். டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலோரை முன்பே தம் பக்கம் இழுத்திருந்தார். பத்திரத்தைப் பார்த்தால் முயலின் உரிமையும் டிஸ்னியிடம் இல்லை! உழைத்தது ஒருவர், உரிமை இன்னொருவருக்கு.

வெறுங்கையோடு திரும்பிய அந்த ரயில் பயணத்தில்தான் எலி யோசனை பிறந்தது என்று டிஸ்னி பின்னாளில் சொல்லிவந்தார். அவர் வைக்க நினைத்த மார்ட்டிமர் என்ற பெயரை லில்லியன் மாற்றியதாகவும் சொல்வார்கள்.

ஆனால் எலிக்கு உருவம் கொடுத்த கை ஐவெர்க்ஸின் கை. அவர் நண்பரை விட்டுப் போகாதவர். மற்ற ஓவியர்களுக்குத் தெரியாமல் ஒரு நாளைக்குச் சுமார் 700 படங்கள் வரைந்து தள்ளினார். ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கில் வரைய வேண்டுமென்றால் கை தயங்கக் கூடாது. அதனால்தான் வட்டங்கள், அதனால்தான் தலை எப்படித் திரும்பினாலும் வட்டமாகவே நிற்கும் காதுகள். ஒரு விரலைக் குறைத்ததும் வேலையை மிச்சப்படுத்தியது.

மௌனமாக எடுத்த முதல் படங்களை வாங்க ஆளில்லை. டிஸ்னி ஒலி சேர்த்தார். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் 'ஸ்டீம்போட் வில்லி' வெளியாயிற்று. எலி உலகப் புகழ் பெற்றது. இம்முறை உரிமையை டிஸ்னி யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் மிக்கிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே.

புகழெல்லாம் ஒரே பெயருக்குப் போயிற்று. 1930-இல் ஐவெர்க்ஸ் பிரிந்தார். பத்தாண்டு கழித்துத் திரும்பினார். இடையில் 1937-இல் 'ஸ்நோ ஒயிட்' வெளியாகி வசூலைக் குவித்தது. ஆனால் 1941-இல் டிஸ்னியின் ஓவியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும், திரையில் தங்கள் பெயர் வராததும் அவர்களுடைய குறைகள். முயலைப் பறிகொடுத்தவர் இப்போது முதலாளி நாற்காலியில். அந்த மனக்கசப்பு எளிதில் ஆறவில்லை.

1955-இல் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது அதைச் சுற்றி நீராவி ரயில் ஓட விட்டார். 1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். ஐவெர்க்ஸ் 1971-இல் காலமானார். பறிபோன முயல் 2006-இல்தான் டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பியது. 2024 பிறந்ததும் மிக்கியின் முதல் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தது.

வீட்டில் குழந்தை மிக்கி வரைந்தால், கீழே தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். வரைந்தவர் யார் என்பது தெரிய வேண்டாமா?