கால்நடை காக்கச் சென்ற மருத்துவர்

ஜெர்மனியின் கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் இராபர்ட் கோக் பிறந்தார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவராக அமர்ந்தார். நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய பொழுதைத் தம் வீட்டிலேயே அமைத்த சிறிய ஆய்வறையில் கழித்தார். ஆடுமாடுகளை மாய்த்துவந்த அடைப்பான் நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்பதை 1876இல் அங்கிருந்தே மெய்ப்பித்தார். அவரது புகழ் கால்நடை நோயில்தான் தொடங்கிற்று என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்து எகிப்திலும் கல்கத்தாவிலும் காலராவை ஆராய்ந்தார். ஆனால் 1890இல் காசநோய்க்கு மருந்தென அவர் அறிவித்த டியூபர்குலின் நோயைத் தீர்க்கவில்லை. நம்பி வந்தோர் ஏமாந்தனர். கோக்கின் பெயரும் மங்கிற்று.

அதன்பின் சில ஆண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் கேப் அரசு அவரை அழைத்தது. வடக்கிலிருந்து பரவிய வெக்கை நோய் 1896இல் அப்பகுதியினுள் புகுந்திருந்தது. காய்ச்சல், வாய்ப்புண், கடுங்கழிச்சல் எனத் தொடங்கிச் சில நாள்களிலேயே மாட்டை வீழ்த்தும் நோய் அது. பல மந்தைகளில் பத்தில் ஒன்றிரண்டே பிழைத்தன. மாடு இல்லையேல் உழவில்லை, பாலில்லை. சரக்கு வண்டிகளும் நகரா. மந்தையையே செல்வமாகக் கொண்ட மக்கள் பசியால் வாடினர்.

டிசம்பரில் கோக் கிம்பர்லியை அடைந்தார். அதுவும் ஒரு சுரங்க நகரே. நோயுற்ற மாடுகளின் குருதியை நுண்ணோக்கியில் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். கிருமி எதுவும் சிக்கவில்லை. வெக்கை ஒரு வைரஸ் நோய். அக்கால நுண்ணோக்கிக்கு வைரஸ் புலப்படாது. கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டியே நோயின் காரணத்தை நிறுவவேண்டும் என நெறி வகுத்தவருக்கு இது பெருஞ்சோதனை.

எனினும் அவர் ஓயவில்லை. வெக்கையால் இறந்த மாட்டின் பித்தநீரில் 10 மில்லி லிட்டர் எடுத்து, நலமான மாட்டின் தோலுக்கடியில் செலுத்தினார். ஊசி போட்ட இடம் வீங்கிற்று. ஏறத்தாழப் பத்து நாளில் அம்மாடு எதிர்ப்பாற்றல் பெற்றது; பின்னர் நோய்க்குருதியைச் செலுத்தியும் அது வீழவில்லை. 1897 பிப்ரவரியில் இம்முறையை அறிவித்தார்.

குறைகளும் இருந்தன. பித்தநீருக்காக மாடு ஒன்று மடியவேண்டும். சிலவேளை ஊசியே நோயைப் பரப்பிற்று. கோக்கின் உதவியாளர் கோலெயும் டர்னர் என்பவரும், நோயை வென்ற மாட்டின் ஊனீரையும் நோய்க்குருதியையும் ஒருசேரச் செலுத்தும் சிறந்த முறையைப் பின்னர் வகுத்தனர்.

கோக் அங்கிருந்து, பிளேக் நோயை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். அவ்வாண்டே லிங்கார்டின் அழைப்பை ஏற்று, குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தையும் கண்டார். 1905இல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27இல் மறைந்தார்.

முக்தேசுவரில் 1920களில் எட்வர்ட்ஸ் வெக்கை வைரஸை வெள்ளாடுகளில் தொடர்ந்து செலுத்தி, வீரியம் குறைந்த தடுப்பூசியை உருவாக்கினார். இந்திய மாடுகளுக்குப் பல்லாண்டுகள் அதுவே போடப்பட்டது. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.