நடக்க முடியாத பெண் தைத்த யானை!

கரடி பொம்மையைப் பார்க்காத குழந்தை உண்டா?

மெத்தென்ற உடம்பு. உருண்டைக் கண்கள். அணைத்துக் கொள் என்று கேட்பது போல நீட்டிய கைகள். உலகமெங்கும் கோடிக் கணக்கான குழந்தைகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள்.

அந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். நினைவு தெரிந்த நாளில் இருந்து அவர் ஓர் அடி கூட நடந்தது இல்லை. வலது கையைத் தூக்கினால் வலி உயிர் போகும். ஆனாலும் ஊசியைக் கையில் எடுத்தார். ஊசியே அவரை வாழ வைத்தது. அவரை மட்டுமா? ஒரு ஊரையே வாழ வைத்தது!

அவர் பெயர் மார்கரெட் ஸ்டைஃப்.

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல்

ஜெர்மனியின் தென் பகுதியில், பிரென்ஸ் என்ற ஆற்றின் கரையில் கீங்கன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1847-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி மார்கரெட் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல சிறிய ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது.

தந்தை பிரடெரிக், வீடு கட்டும் மேஸ்திரி. மேரி, பாலின் என்று இரண்டு அக்காள்கள். பிரிட்ஸ் என்று ஒரு தம்பி.

மார்கரெட்டுக்கு ஒன்றரை வயது ஆனபோது கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் குழந்தையின் இரண்டு கால்களும் துவண்டு விட்டன. வலது கையும் பலம் இழந்தது.

என்ன நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் இளம்பிள்ளை வாதம் என்று தெரிந்தது. அந்த நோய்க்கு அன்று மருந்து கிடையாது. எதனால் வருகிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

தாய் கலங்கினார். இந்தப் பெண்ணை யார் கட்டிக் கொள்வார்கள்? நமக்குப் பிறகு யார் காப்பாற்றுவார்கள்? இந்தக் கவலை அவரை வாட்டியது.

கை வண்டியில் பள்ளிக்கூடம்

மார்கரெட் மூலையில் உட்கார்ந்து அழும் பெண் அல்ல. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே அவளுடைய சிறிய கை வண்டி நிற்கும். ஆடும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது அவள்தான்.

பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. அக்காள்களும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வண்டியை இழுத்துச் சென்றார்கள். பள்ளிக்கு அருகே இருந்த ஒரு பெண்மணி அவளைத் தூக்கிக் கொண்டு படி ஏறி வகுப்பில் உட்கார வைப்பார். இப்படியே மார்கரெட் படித்தாள். நன்றாகவும் படித்தாள்.

1856-ம் ஆண்டு, மார்கரெட்டுக்கு 9 வயது ஆகும் சமயம். லுட்விக்ஸ்பர்க் என்ற ஊரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் வெர்னரிடம் பெற்றோர் அழைத்துச் சென்றார்கள். அவர் ஆபரேஷன் செய்தார். பிறகு வில்ட்பாத் என்ற வெந்நீர் ஊற்று இருக்கும் ஊருக்கு அனுப்பினார். அந்த நீரில் குளித்தால் கைகால் குணமாகும் என்று அன்று நம்பினார்கள்.

பணம் செலவானது. மாதங்கள் ஓடின. கால் மட்டும் அசையவில்லை.

17 வயதில் ஒரு முடிவு

அதற்குப் பிறகும் பெற்றோர் விடவில்லை. எந்த ஊரில் எந்த வைத்தியர் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆசை பிறக்கும். ஒவ்வொரு முறையும் அது பொய்த்துப் போகும்.

17 வயதில் மார்கரெட் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் வைத்தியம் வேண்டாம். கால் வரும் என்று காத்திருந்தால் வாழ்வு முழுவதும் காத்திருப்பிலேயே போய்விடும். இருக்கும் இடது கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ, அதைச் செய்யலாம்!

இது மனம் உடைந்து எடுத்த முடிவு அல்ல. மனம் தெளிந்து எடுத்த முடிவு. அவர் வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது.

திருப்பி வைத்த எந்திரம்

மார்கரெட் தையல் பள்ளியில் சேர்ந்தார். தொடக்கத்தில் தையல் சரியாக வரவில்லை. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. மற்ற பெண்கள் ஒரு நாளில் முடிப்பதை முடிக்க அவருக்குப் பல நாள் ஆயிற்று. தைத்தார், பிரித்தார், மறுபடியும் தைத்தார். 17 வயதில் தையல் பயிற்சியை முடித்தும் காட்டினார்.

அக்காள்கள் இருவரும் 1862-ம் ஆண்டிலேயே பெண்களுக்கு உடை தைக்கும் தொழிலைத் தொடங்கி இருந்தார்கள். மார்கரெட்டும் அதில் சேர்ந்து உழைத்தார். 'சிதர்' என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்கக் கற்று, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அதில் காசு சேர்ந்தது.

அந்தக் காசில் என்ன வாங்கினார் தெரியுமா? தையல் எந்திரம்! கீங்கன் ஊருக்கு வந்த முதல் தையல் எந்திரம் அதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். எந்திரத்தின் சக்கரத்தை வலது கையால்தான் சுற்ற வேண்டும். அவருடைய வலது கையிலோ பலம் இல்லை. மார்கரெட் யோசித்தார். எந்திரத்தை அப்படியே பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி வைத்தார். சக்கரம் இடது கைப் பக்கம் வந்துவிட்டது! இடது கையால் சுற்றித் தைக்கத் தொடங்கினார்.

எட்டு ஆண்டுகள் கழித்து அக்காள்கள் ஊரை விட்டுச் சென்றார்கள். மார்கரெட் தனியாகத் தொழிலை நடத்தினார். 1874-ம் ஆண்டு தந்தை வீட்டை மாற்றிக் கட்டி, மகளுக்கு ஒரு தையல் அறை அமைத்துக் கொடுத்தார்.

நூல் பிரியாத துணி

கீங்கன் ஊரில் ஒரு கம்பளி ஆலை இருந்தது. அதை நடத்தியவர் மார்கரெட்டின் தாய் வழி உறவினர். அங்கே 'ஃபெல்ட்' என்ற தடித்த துணி தயாரானது.

இது தறியில் நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தை நனைத்து, சூடு காட்டி, அழுத்தித் தேய்ப்பார்கள். ரோமங்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கொள்ளும். நெய்யாததால் எப்படி வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம்.

1877-ம் ஆண்டு மார்கரெட் இந்தத் துணியில் உடை தைத்து விற்கும் கடையைத் தொடங்கினார். பெண்களுக்கு உள் பாவாடைகள், குழந்தைகளுக்குக் கோட்டுகள். குளிர் நாட்டில் அவை நன்றாக விற்றன. மார்கரெட் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. சில பெண்களை வேலைக்கு வைத்துக் கொண்டார்.

யாருக்கும் பாரமாக இருப்பாள் என்று தாய் பயந்த பெண், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்!

பரிசாகப் பிறந்த யானை

1879-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். பெண்களுக்கான பத்திரிகை ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்த மார்கரெட்டின் கண்ணில் ஒரு படம் பட்டது. துணியில் சிறிய யானை தைப்பதற்கான வெட்டு மாதிரி அது.

அதைப் பார்த்து ஃபெல்ட் துணியில் யானை தைத்தார். உள்ளே ஆட்டு ரோமத்தைத் திணித்தார். தையல் வேலை செய்யும் பெண்களுக்கு ஊசியும் குண்டூசியும் குத்தி வைக்க ஒரு சிறிய மெத்தை வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த யானை.

விற்பதற்காக அவர் தைக்கவில்லை. உற்றார் உறவினருக்கும் தோழிகளுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்.

யானை போய்ச் சேர்ந்த வீடுகளில் ஓர் அதிசயம் நடந்தது. ஊசி குத்துவதற்கு முன்பே குழந்தைகள் யானையை எடுத்துக் கொண்டு ஓடிவிட்டார்கள்!

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பொம்மைகள் பல மரத்தால் ஆனவை, அல்லது பீங்கானால் ஆனவை. மரப் பொம்மை கையைக் கீறும். பீங்கான் பொம்மை கீழே விழுந்தால் உடையும். இந்த யானையோ மெத்தென்று இருந்தது. எறிந்தாலும் உடையாது. கட்டிக்கொண்டு தூங்கலாம்.

மார்கரெட் அதைக் கவனித்தார். ஊசி மெத்தையை விளையாட்டுப் பொம்மை ஆக்கினார். தம்பி பிரிட்ஸ் ஒரு மூட்டை நிறைய யானைகளைப் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டு போனார். வெறும் மூட்டையோடு திரும்பி வந்தார்! அத்தனையும் விற்றுவிட்டன.

1886-ம் ஆண்டுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட யானைகள் விற்றன. யானைக்குத் துணையாகக் குதிரை, ஒட்டகம், நாய், பூனை என்று ஒரு மிருகக் காட்சி சாலையே உருவானது.

எப்படித் தைப்பது?

துணி மிருகம் தைக்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றுதான். இடது பக்கத்துக்கு ஒரு துண்டு, வலது பக்கத்துக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டும். வயிற்றுக்கும் கால்களின் உள்பக்கத்துக்கும் தனித் துண்டு. அது இருந்தால்தான் பொம்மை தட்டையாக இல்லாமல் நாலு காலில் நிற்கும்.

துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, ஓரிடத்தில் மட்டும் வாய் விட வேண்டும். அந்த வாய் வழியாகப் பொம்மையைப் புரட்டி, கால் நுனியில் இருந்து இறுகத் திணித்து, கடைசியில் வாயைக் கையால் தைத்து மூட வேண்டும். காதும் கண்ணும் பிறகு. தைத்து மிஞ்சிய துண்டுத் துணியே இதற்குப் போதும்.

அத்தையின் தொழிற்சாலை

தொழில் வளர்ந்தது. வீடு போதவில்லை. தம்பி பிரிட்ஸ் அக்காளுக்குப் புதிய வீடும் கடையும் கட்டிக் கொடுத்தார். சக்கர நாற்காலி தடங்கல் இல்லாமல் போய் வருவதற்கு ஏற்றபடி அந்த வீடு அமைந்தது.

1893-ம் ஆண்டு பொம்மைத் தொழிற்சாலை அவர் பெயரிலேயே பதிவானது. அதே ஆண்டு லெய்ப்சிக் நகரப் பொருட்காட்சியிலும் அவருடைய பொம்மைகள் இடம் பெற்றன.

குழந்தைகளுக்குக் கொடுப்பது எதுவானாலும் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது மார்கரெட்டின் கொள்கை. ஒவ்வொரு புது மாதிரியையும் அவரே கையில் வாங்கிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அது கடைக்குப் போகும்.

மார்கரெட் திருமணம் செய்து கொள்ளவில்லை. தம்பியின் பிள்ளைகளே அவருக்குப் பிள்ளைகள். அவர்கள் வளர்ந்து, ஒருவர் பின் ஒருவராக அத்தையின் தொழிலில் சேர்ந்தார்கள்.

கரடி வந்தது

தம்பி மகன் ரிச்சர்டு, ஸ்டுட்கார்ட் நகரில் கலை படித்தவர். அங்கே மிருகக் காட்சி சாலையில் கரடிகளைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார். 1902-ம் ஆண்டு ஒரு கரடி பொம்மையை உருவாக்கினார். உயரம் 55 சென்டிமீட்டர். நிஜக் கரடி போல மயிர் அடர்ந்த துணி. தலையையும் கைகால்களையும் அசைக்கலாம்.

அத்தைக்குத் தயக்கம். துணி விலை அதிகம். பொம்மையும் பெரியது. யார் வாங்குவார்கள்?

1903-ம் ஆண்டு லெய்ப்சிக் பொருட்காட்சியில் கரடியை வைத்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காட்சி முடியும் நேரத்தில் அமெரிக்க வியாபாரி ஒருவர் வந்தார். கரடியைக் கையில் எடுத்தார். 3,000 கரடிகள் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்!

அமெரிக்காவில் ஏன் கரடிக்கு அவ்வளவு கிராக்கி? அதற்கு ஒரு கதை உண்டு.

1902-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனார். அவர் சுடுவதற்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டிப் போட்ட மிருகத்தைச் சுடுவது வீரம் அல்ல என்று அவர் மறுத்துவிட்டார். பத்திரிகையில் கேலிச் சித்திரம் வந்தது. நாடே பேசியது. ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர் 'டெடி'. அந்தப் பெயரே கரடி பொம்மைக்கும் வந்தது.

அதே சமயம் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை நடத்திய மிச்டம் என்பவரும் அவர் மனைவி ரோசும் ஒரு கரடி பொம்மை தைத்துக் கடையில் வைத்தார்கள். அதுவும் நன்றாக விற்றது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே காலத்தில் கரடி பிறந்தது!

1904-ம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மார்கரெட்டின் நிறுவனம் 12,000 கரடிகளை விற்றது. பரிசும் பெற்றது.

1907-ம் ஆண்டு விற்பனை எவ்வளவு தெரியுமா? சுமார் 9 லட்சத்து 74 ஆயிரம் கரடிகள்! தொழிற்சாலையில் 400 பேர் வேலை செய்தார்கள். மேலும் 1,800 பேர் தங்கள் வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள்.

காதில் ஒரு பொத்தான்

பொம்மைக்குப் பெயர் வந்ததும் போலிகளும் வந்தன. அசலை எப்படி அடையாளம் காண்பது? இன்னொரு தம்பி மகன் பிரான்ஸ் ஒரு வழி சொன்னார். 1904-ம் ஆண்டு முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பதித்தார்கள்.

முதலில் வந்த அந்தப் பொத்தானில் இருந்த உருவம் கரடி அல்ல. யானை! பல லட்சம் கரடிகள் விற்ற காலத்திலும் வாழ வைத்த யானையை அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

மறைவு

1909-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி, நுரையீரல் காய்ச்சலால் மார்கரெட் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

அதற்கு முந்திய ஆண்டுதான், இளம்பிள்ளை வாதம் ஒரு கிருமியால் வருகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தடுப்பு மருந்து வந்தது 1955-ம் ஆண்டில். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2014-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. அந்தத் தடுப்பு மருந்து, இன்று நம் ஊர்க் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

கீங்கன் ஊரில் மார்கரெட் பிறந்த வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பொம்மைகளுக்கு என்றே அங்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

அவர் பணம் கருதி யானை தைக்கவில்லை. வேண்டியவர்கள் மகிழ வேண்டும் என்று தைத்தார். கடையில் வாங்கிய பரிசு ஒரு நாள் பழசாகும். கையால் தைத்துக் கொடுத்த பரிசைக் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும்!