பித்தரெனத் தீர்க்கப்பட்ட டைஸ் சோம்பர்

ஒருவரை விசரர் என்று சொல்லிவிடுதல் எளிது. நல்லூர்த் தேரடியில் வாழ்ந்து 1915 ஆம் ஆண்டிலே சமாதியடைந்த செல்லப்பா சுவாமிகளை நம் முன்னோருட் பலர் அவ்வாறே அழைத்தனர். அவ்வாறழைத்தவர்களின் மைந்தர் பின்னர் அவரைக் கைகூப்பி வணங்கினர். அச்சொல் சுவாமிகளுக்கு யாதொரு தீங்கும் செய்ததில்லை. சொன்னவரிடம் அதிகாரம் இருக்கவில்லை. சுவாமிகளிடம் பறித்தற்குரிய பொருளும் இருக்கவில்லை. அதிகாரமும் பொருளும் நிறவேற்றுமையும் அச்சொல்லோடு கூடுமாயின் யாது விளையும் என்பதை அறிய விரும்புவோர்க்கு டேவிட் ஒக்டலோனி டைஸ் சோம்பர் என்பாரின் சரிதம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வடஇந்தியாவில் மீரட் நகருக்கு அணித்தாயுள்ள சர்தானா என்னும் ஊரிலே 1808 ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். அக்காலத்தில் சர்தானாவை ஆண்டவர் பேகம் சம்ரு என்னும் புகழ்பெற்ற பெண்மணியார். பேகத்தின் கணவராகிய வால்ட்டர் ரைன்ஹார்ட் என்னும் ஐரோப்பியப் படைத்தலைவர்க்கு மற்றொரு மனைவி வழியாக வந்த கொள்ளுப்பேரரே டைஸ் சோம்பர். தந்தை வழியிலே ஸ்கொத்லாந்து இரத்தமும் அவரிடம் கலந்திருந்தது. மகப்பேறில்லாத பேகம் இவரைத் தம் பிள்ளையாக வளர்த்து, தம் செல்வத்துக்கு உரியவராக்கினார். பாரசீகமும் ஆங்கிலமும் கற்று, கத்தோலிக்க சமயத்தவராய், நவாபுமாரின் அரண்மனை வழக்கங்களிடையே இவர் வளர்ந்தார்.

1836 ஆம் ஆண்டு சனவரியிலே பேகம் காலமானார். சர்தானா நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பனியார் தமதாக்கிக்கொண்டனர். ஆயினும் பெருந்தொகையான பணம் டைஸ் சோம்பரின் கைக்கு வந்தது. 1838 ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சேர்ந்தார். 1840 ஆம் ஆண்டில் வைக்கவுண்ட் சென் வின்சென்ற் என்னும் பிரபுவின் மகளாகிய மேரி ஆன் ஜெர்விஸ் அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டிலே சட்பரி என்னும் தொகுதியிலிருந்து பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார். அம்மன்றத்துக்கு முதலிற் சென்ற இந்தியர் தாதாபாய் நௌரோஜி என்றே நம்மிற் பலர் படித்திருக்கின்றோம். நௌரோஜி சென்றது 1892 ஆம் ஆண்டில். இந்திய இரத்தம் கலந்த டைஸ் சோம்பரோ அதற்கு ஐம்பத்தோராண்டு முன்னரே ஆங்கு அமர்ந்தார். எனினும் அத்தேர்தலிலே கைக்கூலி வழங்கப்பட்டதென்று 1842 ஆம் ஆண்டில் அது செல்லாததாக்கப்பட்டது.

இதற்கிடையில் இல்லறத்திலும் பிணக்கு மூண்டது. மனைவியார் ஆங்கிலக் குலமகளிர் வழக்கப்படி விருந்துகளுக்குச் சென்றும் ஆடவரோடு உரையாடியும் வந்தார். கணவரோ அந்தப்புர வழக்கிலே வளர்ந்தவர். அதனைப் பொறாராய்ப் பலர்மீதும் ஐயுற்றார். சிலரைத் தனிப்போருக்கும் அழைத்தார். 1843 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே அவர் காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலே யூரர் முன்னிலையில் நிகழ்ந்த விசாரணையின் முடிவில், அவர் சித்தம் திரிந்தவர் எனத் தீர்க்கப்பட்டது. அவருடைய பொருளின் ஆட்சி நீதிமன்றத்தின் பொறுப்பிற்குப் போயிற்று.

அவ்வழக்கிலே எழுந்த பெருவினா நாம் கருதத்தக்கது. அவர் பக்கத்தார், அவருடைய ஐயம் கீழ்நாட்டு வழக்கத்தின் விளைவேயன்றி நோயன்று என்றனர். எதிர்ப்பக்கத்தாரோ, அவர் கிறித்தவர், ஆங்கிலங் கற்றவர், ஆங்கில மாதின் கணவர். ஆதலின் ஆங்கிலேயரை அளக்கும் கோலாலேயே அவரையும் அளத்தல் வேண்டும் என்றனர். அவருடைய கருநிறத்தை எள்ளிய சமூகமே, அறிவை அளக்கும் நாளில் மட்டும் அவரை வெள்ளையராகக் கொண்டது! எக்கோல் தமக்கு வாய்ப்பானதோ அக்கோலையே அதிகாரமுடையார் எடுத்தனர்.

அவ்வாண்டு செப்டெம்பரிலே டைஸ் சோம்பர் காவலினின்றும் தப்பிப் பாரிஸ் நகரை அடைந்தார். அந்நகர மருத்துவர் அவரைச் சோதித்து நற்சித்தமுடையவர் என்றனர். பிரசெல்சு, சென் பீற்றர்ஸ்பேர்க்கு முதலிய நகரங்களின் மருத்துவரும் அவ்வாறே கூறினர். இலண்டனிலோ முன்னைத் தீர்ப்பு மாறவில்லை. கடலின் ஒரு கரையிற் பித்தர், மறுகரையில் நற்சித்தர்! தம் பொருளினின்றும் அளந்து கொடுக்கப்பட்ட படியைக் கொண்டு அவர் ஐரோப்பாவெங்கும் அலைந்தார். 1849 ஆம் ஆண்டிலே தம்மீது சுமத்தப்பட்ட பித்தை மறுத்து ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலொன்றைப் பாரிசில் வெளியிட்டார். 1851 ஆம் ஆண்டு சூலை முதலாந் திகதி, தம் வழக்கு முடியாமலே, இலண்டனிற் காலமானார். 1867 ஆம் ஆண்டில் அவருடைய எச்சங்கள் சர்தானாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டன.

டைஸ் சோம்பர் குற்றமற்றவர் என்றோ, நோய் சிறிதும் அற்றவர் என்றோ நாம் சாதிக்கப் புகவில்லை. அவருடைய சொற்களால் மனைவியார் உற்ற துன்பம் பெரிது. பெண்ணை அடைத்துவைத்தல் எம்மவர் வழக்கம் என்று கூறித் தப்புதல் நியாயமாகாது. அதுவும் ஓர் அதிகாரமே. ஆயினும் தவறு வேறு, பித்து வேறு. தவறு செய்தவனைத் தவற்றுக்காகக் கண்டித்தல் முறை. அவன் அறிவையே இல்லையென்று தீர்த்துவிட்டால், அதன்பின் அவன் கூறும் மறுப்புரையும் பித்தின் குறியாகவே கொள்ளப்படும்.

இத்தீர்ப்பினால் வந்த மற்றோர் இழப்பு, கல்லூரியொன்றால் வாழ்வு பெற்ற நமக்கு நன்கு விளங்கும். டைஸ் சோம்பர் தம் மரணசாதனத்திலே, செல்வத்தின் பெரும்பகுதியைக் கொண்டு சர்தானாவிலே ஒரு பாடசாலை நிறுவும்படி பணித்திருந்தார். சித்தந் திரிந்தவர் எழுதிய சாதனம் செல்லாதென்று வழக்கெழுந்தது. 1856 ஆம் ஆண்டிலே நீதிமன்றமும் அவ்வாறே தீர்த்தது. பொருள் மனைவியார் முதலிய உறவினரைச் சேர்ந்தது. அம்மரணசாதனத்தின்படி எழவேண்டிய பாடசாலை எழவில்லை. அதிற் கற்றிருக்கவேண்டிய சிறார் எத்துணைப் பேரோ!

இலங்கையிலும் 1873 ஆம் ஆண்டிலே சித்தப்பிரமையுடையோர் பற்றிய கட்டளைச் சட்டம் ஆங்கில ஆட்சியாரால் ஆக்கப்பட்டது. ஆண்டோரின் மொழி வேறு, ஆளப்பட்டோரின் மொழி வேறு. தெய்வம் ஏறுதலும் இறந்தோருடன் பேசுதலும் ஓரூரிற் பத்தி, பிறிதோரூரிற் பிணி. இக்காலத்து மருத்துவம் இவ்வுண்மையை ஓரளவு ஏற்றுளது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தார் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்வகுப்பு நூலிலே, நோயாளரின் பண்பாட்டையும் அவர் தம் துன்பத்தைத் தாமே விளங்கிக்கொள்ளும் முறையையும் கேட்டறிதற்குரிய வினாக்கள் சேர்க்கப்பட்டுள்ளன. டைஸ் சோம்பரிடம் அவ்வாறு கேட்டிருப்பின் தீர்ப்பு மாறியிருக்குமோ, அறியோம். கேட்டிருத்தல் வேண்டும் என்பது மாத்திரம் துணிபு.

உளநோய் உண்மையானது, அதற்கு மருத்துவமும் உண்டு. நோயுற்றாரை மறைத்து வைத்தலும் எள்ளுதலும் பாவம். ஆயின் நம்மோடு ஒவ்வாதாரை நோயுற்றார் என்றலும் அதற்குக் குறைந்த பாவமன்று. வகுப்பறையிலும் வீட்டிலும் சபையிலும் விசர் என்னுஞ் சொல்லை வாயெடுக்குமுன், இத்தீர்ப்பினால் ஊதியம் பெறுவார் யார், அளக்கும் கோல் யாருடையது என்னும் இரு வினாக்களை நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.