உழைத்து ஈட்டிய ஓய்வு

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் நூற்பாலைகள் பல உள்ளன. அவற்றின் தொழிலாளர் ‘ஈட்டிய விடுப்பு’ எனக் கணக்கிட்டுப் பெறும் உரிமையைத் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தவர், அரசியலமைப்பின் சிற்பியாக நாடு அறிந்த அண்ணல் அம்பேத்கர்.

1891ஆம் ஆண்டு மோவ் என்னும் படைநகரில் பிறந்த அவர், நியூயார்க்கிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்றார். எனினும், தொழிலாளர் படும் பாட்டை அவர் நூல்களில் மட்டும் கற்கவில்லை. பம்பாய்ப் பரேல் பகுதியின் நெருக்கமான குடியிருப்பில், ஆலைத் தொழிலாளர் நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய சட்ட முன்வரைவை எதிர்த்து, 1938இல் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். ஊதியத்துடன் விடுமுறை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936இலேயே உடன்படிக்கை வகுத்திருந்தது. இந்தியாவிலோ, வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில்லை என்பதே ஆலைகளின் பொது வழக்கம். ஆதலால் நோயுற்றவரும் தறியருகே நின்றனர். இந்நிலையை மாற்றவே 1945இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஊதியத்துடன் பத்து நாள் விடுமுறை. சிறுவருக்குப் பதினான்கு நாள். நோயோ விபத்தோ இடையிட்டாலும் பணித்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படவில்லை. தொழிலாளர் வாழ்வை அருகிருந்து கண்டவரின் கை இவ்விதியில் தெரிகிறது.

ஆயினும் சட்டம் எல்லாரையும் எட்டவில்லை. பருவகாலத் தொழிற்சாலைகள் விலக்கப்பட்டன. பஞ்சை நூலாக்கியவர் விடுமுறை பெற, அதே பருத்தியிலிருந்து விதை நீக்கிய அரவை ஆலைத் தொழிலாளர் வெளியே நின்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேறுபாட்டைக் களைந்தது. 1954ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஆண்டில் 240 நாள் உழைத்தால் போதும் என்றது. இருபது நாளுக்கு ஒருநாள் வீதம் பன்னிரண்டு நாள் விடுப்புச் சேரும். நாளொன்றின் மணிக்கணக்கை அன்று, வந்த நாள்களையே அது எண்ணியது; குறைநேரப் பணியாளரைத் தனியே பிரித்து ஒதுக்கவில்லை.

இம்மாற்றங்களைக் கண்ட அம்பேத்கர், 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். மின்விசை இருப்பின் பத்துப் பேர், இல்லையேல் இருபது பேர் பணிபுரியும் இடமே அச்சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாக இருந்தது. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் தேடித்தந்த சிறு பட்டறைகளில் சிலராக அமர்ந்து அரம் பிடித்தவர்கள் அக்கணக்கில் சேரவில்லை.