மர்ஹூம் துன் சுபியான்

பினாங்கு லைட் ஸ்திரீட் கோர்ட்டை அறியாதவர் நம்மில் யார்? 1808-இல் இத்தீவில் கோர்ட்டு ஏற்பட்ட காலந்தொட்டு, கடைசி அப்பீல் லண்டனுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வழக்கம் மாறத் தொடங்கிய நாளில் நாட்டின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர் துன் முகம்மது சுபியான் அவர்கள்.

1917-இல் பேராக் கோலகங்சாரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1941-இல் பாரிஸ்டரானார். மலாயா ஜப்பானியர் வசமாகவே, யுத்தம் முடியும்வரை டில்லி வானொலியின் மலாய்ப் பகுதியில் பணிபுரிந்தார். (அந்நாளில் கடலுக்கு இக்கரையும் அக்கரையுமாகப் பிரிந்து கிடந்த நம் குடும்பங்கள் எத்தனை!) பின்னர் அரசாங்க உத்தியோகம், 1961-இல் ஹைகோர்ட், 1968-இல் பெடரல் கோர்ட், 1974 முதல் 1982 வரை லார்ட் பிரசிடெண்ட். அரசியல் சாசனத்தை மலாயில் மொழிபெயர்த்தவரும் அவரே.

1978 பிறந்ததும் கிரிமினல் வழக்கிலும் சாசன வழக்கிலும் லண்டன் அப்பீல் நின்றது. 1985-இல் சிவில் வழக்கிலும் நின்றது. இனி இந்நாட்டு நீதிபதிகள் சொல்வதே முடிவு.

அத்தகைய வேளையில், 1979-இல், பெருங்கேள்வியொன்று அவர் முன் வந்தது. சாசனத்தின் அடிப்படையை மாற்றப் பாராளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்று இந்திய சுப்ரீம் கோர்ட் 1973-இல் தீர்த்திருந்தது. அது இங்கும் பொருந்துமா? சுபியான் அவர்கள் இசையவில்லை. இந்தியர் தாமே சபை கூட்டிச் சாசனம் வகுத்தனர். நம்முடையது பிரிட்டிஷாரும் சுல்தான்களும் அரசியல் தலைவர்களும் பேசி முடித்தது. விதிப்படி திருத்தினால் செல்லும் என்றார். நிதானமான தீர்ப்புத்தான். ஆயினும் அது திறந்துவைத்த கதவு பெரிது.

அந்தக் கதவு வழியே 1988-இல் வந்தது திருத்தம். நீதி அதிகாரம் கோர்ட்டுகளைச் சார்ந்தது என்ற வாசகம் சாசனத்திலிருந்து நீக்கப்பட்டது. ஷரீஅத் கோர்ட்டுக்கு உட்பட்ட விஷயங்களில் சிவில் கோர்ட்டு தலையிடாது என்ற விதி சேர்ந்ததும் அதே திருத்தத்தில்தான். அவ்வாண்டே லார்ட் பிரசிடெண்ட் துன் சாலிஹ் அப்பாஸ் பதவி நீக்கப்பட்டார். வேறு இரு நீதிபதிகளும் பதவி இழந்தனர். ஓய்விலிருந்த பெரியவர் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. பகிரங்கமாகவே கண்டித்தார். பென்ஷன் வாங்கும் வயதில் அதற்குத் துணிவோர் சிலரே.

2000 செப்டம்பர் 26-இல் வஃபாத்தானார். பின்னர் 2017-இலும் 2018-இலும் பெடரல் கோர்ட், நீதி அதிகாரம் சாசனத்தின் அடிப்படை, அதைப் பாராளுமன்றமும் பறிக்க இயலாது என்று தீர்த்தது. அவருடைய 1979 கருத்துக்கு அது மாறானது. 1988-இல் அவர் எதற்காகக் குரல் கொடுத்தாரோ, அதற்கு அரணானது.